விடயத்தைச் சுற்றிக் கூடும் வலையமைப்பு: வன்னி அமைப்புகளுக்கு ஒரு தொடக்க வழிகாட்டி

வன்னியில் ஒரு கிராமத்தை எடுத்துக்கொண்டால் அங்கே கமக்காரர் அமைப்பு, கிராம அபிவிருத்திச் சங்கம், மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம், பள்ளிக்கூடத்துப் பழைய மாணவர் சங்கம், கோயில் பரிபாலன சபை, சனசமூக நிலையம், விளையாட்டுக் கழகம் என்று ஆறேழு அமைப்பாவது இருக்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு வட்ஸ்அப் குழு இருக்கும், எல்லாக் குழுவிலும் கிட்டத்தட்ட அதே ஆட்கள்தான் இருப்பார்கள். குளத்தில் எப்போது தண்ணீர் திறப்பார்கள் என்று ஒரு குழுவில் கேட்பார்கள், பதில் வேறொரு குழுவில் வரும், அதுவும் விடிவதற்குள் வாழ்த்துப் படங்களுக்குக் கீழே போய்விடும். அடுத்த போகத்தில் அதே கேள்வி மறுபடி முதலிலிருந்து.

இதை மாற்ற வேண்டும் என்று நினைக்கிற இளையவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறார்கள். கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடமும் விவசாய பீடமும் இருக்கின்றன, வவுனியா வளாகம் 2021 இல் தனிப் பல்கலைக்கழகமாகிவிட்டது, ஆகவே நிரல் எழுதத் தெரிந்தவர்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் நிரல் எழுதுவது இந்த வேலையில் பாதிகூட இல்லை. மீதிப் பெரும் பங்கு, யார் எதைப் பற்றி எங்கே பேசப் போகிறார்கள் என்பதைத் தீர்மானிப்பதுதான். அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. சங்கச் செயலாளர்கள், பழைய மாணவர் சங்கக்காரர், இப்போதுதான் வடிவமைப்புப் பழகுகிற மாணவர்கள் எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

முகநூலில் நீங்கள் பின்தொடர்வது பெரும்பாலும் ஆட்களை. தலைப்பு வழி வலையமைப்பில் பின்தொடர்வது விடயத்தை. "நெல் நோய்" என்ற தலைப்பைப் பின்தொடர்ந்தால், அதைப் பற்றி எழுதுகிறவர் உங்களுக்குத் தெரிந்தவரோ தெரியாதவரோ, அவர் எழுதியது உங்களுக்கு வந்து சேரும். இது புதிய எண்ணமும் அல்ல, 1979 இல் அமெரிக்க மாணவர்கள் இருவர் யோசித்துத் தொடங்கிய யூஸ்நெட் என்ற கணினிக் கலந்துரையாடல் வலை இப்படித்தான் தலைப்பு தலைப்பாகப் பிரிந்திருந்தது, 2005 இல் வந்த ரெடிட்டும் அதே வழியில்தான் வளர்ந்தது. நமக்கு வேண்டியது அந்த முறையைச் சின்ன அளவில், நமது அமைப்புகளுக்கு ஏற்றபடி செய்துகொள்வது.

முதலில் கேள்விகளைச் சேருங்கள்

கணினியைத் திறக்க வேண்டாம். ஒரு கொப்பியை எடுத்துக்கொண்டு போய், கமநல சேவை நிலையத்துக்கு வருகிறவர்கள், சங்கக் கூட்டம் முடிந்த பிறகும் வாசலில் நின்று பேசுகிறவர்கள், பிரதேச செயலக வாங்கில் காத்திருப்பவர்கள் எல்லோரும் என்ன கேட்கிறார்கள் என்பதை அவர்கள் கேட்ட சொல்லிலேயே எழுதுங்கள். "உர மானியம் எப்ப வரும்?" "பேர்மிட் காணியை மகளின்ர பேருக்கு மாத்தலாமோ?" "யானை வேலிக்குக் கரண்ட் போகேல்லை, ஆரிட்டச் சொல்லுறது?" "தங்கச்சிக்குத் தையல் பழக எங்க வகுப்பு நடக்குது?" இப்படி நூறு, இருநூறு கேள்வி சேரும்வரை விடாதீர்கள்.

பிறகு ஒவ்வொரு கேள்வியையும் ஒரு துண்டில் எழுதி, நாலைந்து பேர் நிலத்தில் இருந்து குவியல் குவியலாகப் பிரியுங்கள். அந்தக் குவியல்கள்தான் உங்கள் தலைப்புகள். நீங்கள் பெரிதாக இருக்கும் என்று நினைத்த குவியல் சிறிதாக இருக்கலாம், நினைத்தே பார்க்காத ஒன்று மலையாக எழும்பலாம், அதைத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். தலைப்புக்குப் பெயர் வைக்கும்போதும் அந்தத் துண்டுகளையே பாருங்கள். "தண்ணீர் திறப்பு", "காணிப் பத்திரம்", "யானையும் பன்றியும்" போன்ற பெயர்களைப் பார்த்தவுடன் தன் கேள்வி எங்கே போக வேண்டும் என்று ஒருவருக்குத் தெரிந்துவிடும். போருக்குப் பிறகு இங்கே வந்த திட்டங்களின் அறிக்கைகளில் "வாழ்வாதார மேம்பாடு", "ஆளுமை விருத்தி" என்று தலைப்புகள் இருந்தன, அவை நிதி கொடுப்பவருக்குக் கணக்குக் காட்ட உதவியிருக்கும், ஆனால் மாடு சினைப்படவில்லை என்று கேட்க வந்தவர் எந்தக் கதவைத் தட்டுவது?

விடயம், இடம், அமைப்பு: மூன்றையும் கலக்க வேண்டாம்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வீர்கள் என்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். புதிதாக வடிவமைக்கிற அநேகம் பேர் செய்வது, ஒவ்வொரு அமைப்புக்கும் ஒரு பக்கம் திறந்து, அதற்குள் தலைப்புகளைப் போடுவது. பார்க்க ஒழுங்காக இருக்கும், அமைப்புத் தலைவர்களுக்கும் பிடிக்கும். ஆனால் அதே வட்ஸ்அப் குழுக்கள்தான் வேறு சட்டை போட்டு வந்திருக்கும். அமைப்பு தலைப்புக்குள் வர வேண்டும், தலைப்பு அமைப்புக்குள் போகக்கூடாது.

இரணைமடுக் குளத்தை எடுத்துப் பாருங்கள். இடதுகரை, வலதுகரை வாய்க்கால்களில் வயல் செய்கிற கமக்காரர் அமைப்புகள், குளத்தில் மீன் பிடிக்கிற நன்னீர் மீன்பிடிச் சங்கத்தார், கதவுகளைப் பொறுப்பாக வைத்திருக்கிற நீர்ப்பாசனத் திணைக்களம், குடிநீருக்குக் காத்திருப்பவர்கள், குளத்து நீரை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோவது பற்றிப் பல வருடமாக நடந்த விவாதம், இவை எல்லாம் ஒரே தண்ணீரைப் பற்றியவை. 2018 டிசம்பர் வெள்ளத்தில் வான்கதவுகள் திறக்கப்பட்டபோது பாதிக்கப்பட்டது கீழே இருந்த கண்டாவளை, முரசுமோட்டைப் பக்கத்துச் சனம். அவர்களில் பலர் எந்தக் கமக்காரர் அமைப்புக் குழுவிலும் இல்லாதவர்கள். "இரணைமடுத் தண்ணீர்" என்று ஒரே தலைப்பு இருந்தால் இவர்கள் எல்லோரும் ஒரே இடத்தில் ஒருவர் சொல்வதை மற்றவர் கேட்பார்கள், சண்டையும் வரும், வரட்டும், ஒரே இடத்தில் வரட்டும்.

அப்படியானால் அமைப்பு எங்கே? பெயருக்குப் பக்கத்தில். ஒருவர் எழுதும்போது அவர் பெயரோடு "கமக்காரர் அமைப்புச் செயலாளர்" என்று அடையாளம் தெரிய வேண்டும், அவர் தன் சொந்தக் கருத்தை எழுதும்போது அந்த அடையாளத்தை எடுத்துவிட்டு எழுதவும் முடிய வேண்டும். இந்தச் சின்ன வசதி பெரிய மனத்தாங்கல்களைத் தவிர்க்கும், ஏனென்றால் இங்கே ஒரே ஆள் கோயில் சபைப் பொருளாளராகவும் பாடசாலை அபிவிருத்திச் சங்க உறுப்பினராகவும் இருப்பது வழமை, அவர் எந்தத் தொப்பியோடு பேசுகிறார் என்று வாசிப்பவருக்குத் தெரியாவிட்டால் வீண் கதை கிளம்பும். கணக்கு, கூட்ட அறிக்கை போன்ற உள்வேலைகளுக்கு ஒவ்வொரு அமைப்புக்கும் ஒரு மூடிய அறை கொடுங்கள், அது தேவைதான். ஆனால் முகப்பில் தெரிவது தலைப்புகளாக இருக்கட்டும்.

இடம் மூன்றாவது. அதை எழுத விடாதீர்கள், பட்டியலில் இருந்து தெரிவு செய்ய வையுங்கள். புதுக்குடியிருப்பு என்று முல்லைத்தீவிலும் உண்டு, மட்டக்களப்பிலும் உண்டு. வவுனிக்குளம் இருப்பது முல்லைத்தீவு மாவட்டத்தில், பெயரைப் பார்த்து வவுனியாவில் போட்டுவிடுவார்கள். மாவட்டம், பிரதேச செயலகப் பிரிவு, கிராம அலுவலர் பிரிவு என்ற படிவரிசை அரசாங்க விடயங்களுக்குச் சரி, ஆனால் விவசாயத் தலைப்புகளுக்கு அதோடு குளத்தையும் ஓர் இடமாக வையுங்கள். தண்ணீர் கிராம அலுவலர் பிரிவின் எல்லை பார்த்து ஓடுவதில்லை. முத்தையன்கட்டின் கீழ் வயல் செய்கிற ஒருவருக்கு அடுத்த கிராமத்துச் செய்தியைவிடத் தன் குளத்துச் செய்திதான் முக்கியம்.

ஆகவே தரவுத்தளத்தில் ஒவ்வொரு பதிவுக்கும் கட்டாயம் ஒரு தலைப்பு, விரும்பினால் ஓர் இடம், விரும்பினால் ஓர் அமைப்பு அடையாளம். மூன்றும் தனித்தனி அட்டவணை. இதைச் சரியாகப் போட்டுவிட்டால் "நெல் நோய், வவுனிக்குளம்" என்று மட்டும் பின்தொடர ஒருவரால் முடியும், பிறகு எந்த வசதியைச் சேர்ப்பதும் சுலபம்.

தலைப்பு எத்தனை? ஐந்தோ ஆறோ போதும். நாற்பது தலைப்போடு திறந்தால் முப்பத்தைந்து வெறுமையாகக் கிடக்கும், வெறுமையான இடத்தில் யாரும் முதல் ஆளாகப் பேச மாட்டார்கள். இணையச் சமூகங்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் வாசிப்பவர்கள், ஒன்பது பேர் எப்போதாவது எழுதுபவர்கள், ஒருவர்தான் தொடர்ந்து எழுதுபவர் என்று இணையப் பயன்பாட்டு ஆய்வாளர் யாக்கோப் நீல்சன் 2006 இல் ஒரு கணக்குச் சொன்னார். துல்லியம் எப்படியோ, திட்டமிடுவதற்கு நல்ல அளவுகோல் அது. இருநூறு பேர் சேர்ந்தால் இரண்டு பேர்தான் நாளாந்தம் எழுதுவார்கள், அவர்களை நாற்பது அறைகளில் பிரித்து விடாதீர்கள். ஒரு தலைப்புக்குள் ஒரே மாதிரிக் கேள்விகள் திரும்பத் திரும்ப வந்து மற்றவர்களுக்கு இடைஞ்சலாகும்போது அதைப் பிரிக்கலாம்.

பதிவுக்கு ஆயுள் கொடுங்கள்

எழுதும் திரையைத் தாளில் பென்சிலால் வரையுங்கள். முதலில் கேட்க வேண்டியது தலைப்பு. அடுத்து, இது கேள்வியா, அறிவித்தலா, அனுபவமா? மூன்று பொத்தான் போதும், ஆனால் மூன்றும் வேறுவேறு விதமாக நடக்க வேண்டும்.

அறிவித்தலுக்கு முடிவு நாள் இருக்க வேண்டும். "கமநல நிலையத்தில் உரம் வந்திருக்கிறது" என்பது மூன்று நாளில் பொய்யாகிவிடும், அது பத்து நாளைக்குப் பிறகும் மேலே நின்றால் ஒருவர் வேலையை விட்டு, மாங்குளத்துக்கோ மல்லாவிக்கோ பஸ் ஏறிப் போய் வெறுங்கையோடு வருவார். அதற்குப் பிறகு அவர் உங்கள் தளத்தை நம்ப மாட்டார். 2021 இல் இரசாயன உர இறக்குமதித் தடை வந்து, சில மாதங்களில் அது திரும்பப் பெறப்பட்டபோது பழைய செய்தியும் புதிய செய்தியும் கலந்து ஓடிய குழப்பத்தை இங்கே எல்லோரும் அறிவோம்.

கேள்விக்கு முடிவு நாள் இல்லை, அது பதில் கிடைக்கும்வரை திறந்திருக்கும். கேட்டவரே "பதில் கிடைத்தது" என்று அழுத்தி மூடட்டும். மூன்று நாளாகியும் பதில் வராத கேள்வி தலைப்புப் பொறுப்பாளரின் திரையில் மேலே வர வேண்டும், அவர் தெரிந்த ஒருவரைத் தேடிப் பிடித்துப் பதில் வாங்கிப் போட வேண்டும். தேவையானால் விவசாயத் திணைக்களத்தின் 1920 இலக்கத்துக்கு அழைத்துக் கேட்டு, அந்தப் பதிலையும் எழுதலாம்.

அனுபவம் என்பது நிலைத்து நிற்கப் போவது. கபிலநிறத் தத்தி வந்த வயலில் ஒருவர் என்ன செய்தார், எது பலித்தது, எது பலிக்கவில்லை என்று எழுதினால் அது அடுத்த வருடமும் பயன்படும். இவற்றைப் போகம், வருடம் குறித்து அடுக்கி வையுங்கள். 2018 இல் படைப்புழு முதன்முதலாகச் சோளத்தில் வந்தபோது இப்படி ஒரு தொகுப்பு நம்மிடம் இருந்திருந்தால் எவ்வளவு பேருக்கு உதவியிருக்கும் என்று நான் அடிக்கடி நினைப்பதுண்டு.

வெள்ளம், புயல் போன்ற அவசரத்துக்குத் தனி வழி. அந்தத் தலைப்பில் எழுதுகிற உரிமை பெயர் குறித்த சிலருக்கு மட்டும், செய்தி எங்கிருந்து வந்தது என்று எழுதாமல் பதிவேற்ற முடியாது, பக்கத்தின் தலையில் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 எப்போதும் நிற்கட்டும்.

தமிழ் சரியாக ஓடுகிறதா?

இங்கே அலுவலகங்களிலும் சங்கங்களிலும் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்த ஆவணங்கள் மலைபோல் கிடக்கின்றன. பாமினியில் இருக்கிற தமிழ் கணினிக்குத் தமிழே அல்ல, ஆங்கில எழுத்துக்களுக்கு மேல் தமிழ் உருவம் போட்டது. அதை அப்படியே ஒட்டினால் ஆங்கிலக் குப்பையாகத் தெரியும், தேடினாலும் கிடைக்காது. ஆகவே ஒட்டும்போதே அதைக் கண்டுபிடித்து ஒருங்குறிக்கு (யூனிகோட்) மாற்றுகிற ஒரு வசதியை முதல் நாளிலேயே போடுங்கள். ஒருங்குறியிலும் கவனம் வேண்டும், "கொ" வில் வரும் ஒகரக் குறியை ஒரே குறியாகவும் எழுதலாம், இரண்டு குறிகளைச் சேர்த்தும் எழுதலாம், "கௌ" எழுதும்போது பலர் பின்னால் ளகரத்தைப் போட்டுவிடுவார்கள். கண்ணுக்கு ஒன்று, தேடலுக்கு வேறு. சேமிக்கும் முன்பு ஒரே வடிவத்துக்குக் கொண்டுவருவது அவசியம்.

தேடலில் இன்னொரு சிக்கல், "குளம்" என்று தேடுபவருக்கு "குளத்தில்", "குளத்துக்கு" என்று எழுதியிருப்பதும் கிடைக்க வேண்டும். போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் 12 ஆம் பதிப்பிலிருந்து தமிழுக்கான வேர்ச்சொல் வசதி இருக்கிறது, அதைப் போட்டு உங்கள் கொப்பியில் இருக்கும் கேள்விகளாலேயே சோதித்துப் பாருங்கள். தவறவிடுவது அதிகமாக இருந்தால் மூன்று மூன்று எழுத்தாக ஒப்பிடுகிற தேடலையும் சேர்த்துக்கொள்ளலாம்.

எல்லோரிடமும் ஸ்மார்ட்போன் இல்லை, இருந்தாலும் டேட்டா எப்போதும் இல்லை. முக்கிய அறிவித்தல் குறுஞ்செய்தியாகவும் போக வேண்டும். தமிழ்க் குறுஞ்செய்தி ஒன்றில் அடங்குவது 70 குறிகள்தான், ஆங்கிலத்துக்கு 160. இரணைமடு என்ற சொல் கண்ணுக்கு ஐந்து எழுத்து, கணக்குக்கு ஏழு. ஆகவே அறிவித்தல் திரையில் "குறுஞ்செய்திச் சுருக்கம்" என்று தனிப் பெட்டி வைத்து, மிச்சம் எத்தனை குறி என்று காட்டுங்கள். நீளமாக எழுதியதை இயந்திரம் நடுவில் வெட்டினால் நாளும் நேரமும்தான் வெட்டுப்படும்.

எழுதத் தயங்குகிற மூத்தவர்களுக்குக் குரல் பதிவு வேண்டும். ஓப்பஸ் என்ற ஒலிச் சுருக்க முறையில் நொடிக்கு 16 கிலோபிட் அளவில் பதிந்தால் ஒரு நிமிடம் ஏறத்தாழ 120 கிலோபைட்தான் வரும், குரல் தெளிவாகவே கேட்கும். படத்தைப் பதிவேற்றும் முன்பு போனிலேயே சுருக்குங்கள், நோய் பிடித்த இலையைக் காட்ட நான்கு மெகாபைட் தேவையில்லை. சிக்னல் விட்டுவிட்டு வருகிற இடங்கள் காட்டோரக் கிராமங்களில் இன்னும் உண்டு, எழுதியது போனிலேயே தங்கி, சிக்னல் வந்ததும் தானாகப் போகிறபடி செய்யுங்கள்.

பாதுகாப்பு: இதில் அவசரப்படாதீர்கள்

வன்னியில் ஒரு பெயர்ப்பட்டியல் சாதாரணப் பட்டியல் அல்ல. காணாமல் ஆக்கப்பட்ட உறவுகளைத் தேடுகிற குடும்பங்கள், தனியாகக் குடும்பம் நடத்துகிற பெண்கள், காணி வழக்கில் நிற்பவர்கள் எல்லோரும் இந்த வலையமைப்புக்கு வருவார்கள். கிளிநொச்சியில் 2017 பெப்ரவரியில் தொடங்கிய உறவுகளின் போராட்டத்தில் நிற்கும் தாய்மார் எத்தனை விசாரணைகளைச் சந்தித்தவர்கள் என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். ஆகவே உறுப்பினர் பட்டியலை யாருக்கும் காட்டாதீர்கள், சக உறுப்பினருக்கும் வேண்டாம். தொலைபேசி இலக்கம் உள்ளே நுழைவதற்கு மட்டும், திரையில் ஒருபோதும் தெரியக்கூடாது. இலக்கம் வெளியே போனதால் இரவில் தொல்லை அழைப்பு வந்து குழுக்களை விட்டு விலகிய பெண்கள் எத்தனையோ பேர். படத்தோடு ஒட்டி வருகிற இடக்குறிப்பைப் பதிவேறும்போதே அழித்துவிடுங்கள். காணிப் பத்திரம் போன்ற தலைப்பில் பெயர் காட்டாமல் கேட்க வழி இருக்கட்டும். தேவையில்லாத தகவலைக் கேட்கவே வேண்டாம், அடையாள அட்டை இலக்கம் எதற்கு?

சட்டப் பக்கத்தையும் பாருங்கள். 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுகள் பாதுகாப்புச் சட்டம், 2024 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டம் இரண்டையும் தெரிந்த சட்டத்தரணி ஒருவரோடு இருந்து வாசித்து, உங்கள் விதிகளை எழுதுங்கள்.

ஒவ்வொரு தலைப்புக்கும் இரண்டு பொறுப்பாளர்கள், இருவரும் ஒரே அமைப்பைச் சேர்ந்தவர்களாக இருக்கக்கூடாது, ஒருவராவது பெண்ணாக இருந்தால் பெண்கள் கேள்வி கேட்பது கூடும். ஒரு பதிவை நீக்கினால் ஏன் நீக்கினார்கள் என்று ஒரு வரி அங்கேயே தெரிய வேண்டும். தேர்தல் காலத்தில் என்ன அனுமதி, என்ன இல்லை என்பதைத் தேர்தல் அறிவிக்கும் முன்பே எழுதி வையுங்கள், அறிவித்த பிறகு எழுதுகிற விதி எல்லாம் யாரோ ஒருவருக்கு எதிரானதாகத்தான் தெரியும்.

எதில் கட்டுவது?

புதிதாக நிரல் எழுதத் தொடங்க வேண்டாம். செலவில்லாமல் எண்ணத்தைச் சோதிக்க டெலிகிராம் குழு போதும், 2022 இல் அது குழுவுக்குள் தலைப்புப் பிரிக்கும் வசதியைக் கொண்டுவந்தது. பிறகு திறந்த மூல மென்பொருள்களைப் பாருங்கள். கேள்வி பதில் அதிகம் என்றால் டிஸ்கோர்ஸ், அமைப்புகளுக்கு மூடிய அறைகள் அதிகம் வேண்டும் என்றால் ஹம்ஹப், உடனுக்குடன் பேசுவது முக்கியம் என்றால் ஸூலிப். ஒவ்வொன்றிலும் தமிழ் இடைமுகம் எவ்வளவு நிறைவாக இருக்கிறது என்று முதலில் பாருங்கள், குறைவாக இருந்தால் அந்த மொழிபெயர்ப்பையே மாணவர்களுக்கு ஒரு நல்ல வேலையாகக் கொடுக்கலாம். மேலே சொன்ன எல்லாம் எதிலும் அப்படியே கிடைக்காது, ஆனால் தலைப்பு, இடம், அமைப்பு மூன்றையும் பிரித்து வைக்க முடியாத மென்பொருளை மட்டும் எடுக்காதீர்கள்.

தொடங்க நல்ல காலம் ஆவணி, புரட்டாதி. காலபோகத்துக்கு முந்திய கூட்டங்கள் நடக்கும், கேள்விகள் தானாக வரும். ஒரு குளம், மூன்று நான்கு அமைப்பு, ஐந்து தலைப்பு, அருவி வெட்டு முடியும்வரை ஓட்டுங்கள். வெளிநாட்டில் இருக்கிற ஊரவர்களைத் தொடக்கத்திலேயே அழைக்க ஆசை வரும், அவர்கள் அன்போடு வருவார்கள், ஆனால் அவர்களுக்கு நேரமும் இணையமும் அதிகம், பேச்சு அவர்கள் பக்கம் சாய்ந்துவிடும். ஊரில் இருக்கிறவர்களின் பேச்சு ஊன்றிய பிறகு அழையுங்கள். எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்பதை எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம். கேட்ட கேள்வியில் எத்தனைக்குப் பதில் கிடைத்தது, எத்தனை நாளில் கிடைத்தது, இந்த இரண்டை மட்டும் மாதம் ஒருமுறை எழுதிச் சங்கக் கூட்டத்தில் வாசியுங்கள்.

பிரதி எடுத்து வைப்பது பற்றி இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை, 2009 இல் பள்ளிக்கூடப் பதிவேடும் சங்கக் கணக்கும் கல்யாணப் படமும் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்த சனம் நாம். வாரம் ஒரு பிரதி வேறொரு ஊரில் இருக்கும் கணினிக்குப் போகட்டும். பொதுவில் வைக்கத்தக்க அனுபவத் தொகுப்புகளை வருடம் ஒருமுறை ஆவணமாக்கி, 2005 இலிருந்து ஈழத்து ஆவணங்களைச் சேர்த்துவருகிற நூலகம் திட்டத்துக்கு அனுப்பலாம்.

தளத்தின் முகவரியும் சேவையகத்தின் கடவுச்சொல்லும் ஓர் இளைஞரின் போனில் மட்டும் இருக்கக்கூடாது, அவர் கட்டாருக்கோ கனடாவுக்கோ போகும் நாளில் எல்லாம் நின்றுவிடும். முகவரியை அமைப்பின் பெயரில் பதியுங்கள், கடவுச்சொல் இரண்டு அமைப்புகளிடம் இருக்கட்டும், வருடச் செலவை முன்கூட்டியே பங்கிட்டு வங்கியில் போடுங்கள். ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் நிர்வாகம் மாறும்போது பழைய செயலாளரும் புதிய செயலாளரும் பக்கத்தில் இருந்து கடவுச்சொல்லை மாற்றட்டும், மாற்றிய விடயத்தைக் கூட்ட அறிக்கையில் ஒரு வரியாக எழுதிக் கையொப்பமும் வாங்கி வையுங்கள்.